பாட்டு ஏற்றித் தரும் பையனிடம் கொஞ்சம் கேளுங்கள்

இசைச் செயலி கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு, குறிப்பாகப் பாட்டுப் பட்டியல் போடுகிறவர்களுக்கும் தேடல் பகுதியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும்,

வணக்கம். இதை ஏன் தமிழில் எழுதுகிறேன் என்றால், ஆங்கிலத்தில் நாலு முறை எழுதிப் பார்த்துவிட்டேன். நாலு முறையும் 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று ஒரே பதில்தான், எழுதியது ஆளா மெஷினா என்றுகூடத் தெரியவில்லை. உங்கள் மாதிரி கம்பெனிகளில் நம்ம ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், சென்னையில், பெங்களூரில், இன்னும் எங்கெங்கோ. யாராவது ஒருத்தர் கண்ணில் இது பட்டு, டீ குடிக்கும்போது பக்கத்து சீட்டுக்காரரிடம் சொன்னால்கூடப் போதும். எந்தச் செயலி என்று பெயர் சொல்லப் போவதில்லை. மூன்றில் காசு கட்டிப் பார்த்துவிட்டேன், மூன்றிலும் இதே கதைதான்.

நான் உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் 11 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். ஒரு மொத்த வியாபாரக் கடை, சிமென்ட், கம்பி, பெயின்ட். பாட்டைப் பற்றிப் பெரிதாகத் தெரிந்தவன் இல்லை. ஆனால் இந்த ஊரில் பாட்டுக் கேட்காமல் வேலைக்குப் போய் வர முடியாது. நீலக் கட்டம் போட்ட வெள்ளை வேன், அதைத்தான் இங்கே டாக்ஸி என்பார்கள், அதில் 14 பேரை ஏற்றிக்கொண்டு டிரைவர் ரேடியோவைத் திருகினால் இறங்குகிறவரை அதுதான். காதில் விழுந்து விழுந்தே இந்த ஊர் மொழியான லுகாண்டா பாதி புரிய ஆரம்பித்தது.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கடையில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருவர் அமெரிக்கா போய்விட்டார், பாஸ்டன் பக்கத்தில் வால்தம் என்று ஒரு ஊர், உகாண்டாக்காரர்கள் ஏகப்பட்ட பேர் இருக்கும் இடம். அவருடைய பெண்ணுக்கு அங்கேயே குவாஞ்சுலா வைத்தார்கள். குவாஞ்சுலா என்றால் பெண் வீட்டில் நடக்கும் பெரிய சடங்கு. மாப்பிள்ளை வீட்டார் சீர் தூக்கிக்கொண்டு வருவார்கள், இரண்டு பக்கமும் பேசுவதற்கென்றே வாய்ச்சாலக்காரர் ஒருவரை வைத்திருப்பார்கள், வருகிறவர்களைக் கேள்வி மேல் கேள்வி கேட்டுக் கலாய்ப்பார்கள். பெண்ணின் தங்கைமார் ஒரு கூட்டமாக வந்து வரவேற்பார்கள், அப்புறம் வேறொரு கூட்டம், அப்புறம் அத்தை. அத்தையை ஸெங்கா என்பார்கள், அப்பாவின் கூடப்பிறந்தவள். மாப்பிள்ளையைக் கூட்டத்திலிருந்து கண்டுபிடித்து அழைத்து வருவது அவள் வேலை. ஒவ்வொரு கூட்டமும் சும்மா நடந்து வராது, ஆடிக்கொண்டேதான் வரும். அந்தந்த வரவுக்கு அந்தந்தப் பாட்டு வேண்டும்.

அவர் உங்கள் செயலியில் தேடினார். முதலில் வந்தது நைஜீரியாக்காரர்கள் பாட்டு, 'அஃப்ரோபீட்ஸ்' என்ற தலைப்பில். அடுத்து தான்சானியாப் பாட்டு, ஸ்வாஹிலியில். அதெல்லாம் நல்ல பாட்டுதான், கம்பாலாவிலும் நைஜீரியப் பாட்டுக்கு ஆடாத கிளப் கிடையாது, காங்கோ ரும்பாவும் அப்படித்தான், அதில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. ஆனால் லாகோஸ் பாட்டைப் போட்டு கம்பாலா அத்தையை எப்படி அழைத்து வருவது? ஒரு வழியாக ஒரு லுகாண்டாப் பாட்டைக் கண்டுபிடித்து, வீட்டில் பெண்கள் ஒத்திகை பார்க்கட்டும் என்று ஓடவிட்டிருக்கிறார். அது முடிந்ததும் உங்கள் செயலி தானாகவே அடுத்த பாட்டை எடுத்துப் போட்டிருக்கிறது. என்ன பாட்டு தெரியுமா? பால் கஃபீரோவின் 'வாலும்பே சாயா'.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். புகாண்டா மக்களின் கதையில் முதல் மனிதன் கிண்டு. வானத்தில் இருந்த நம்பி என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு பூமிக்கு வருகிறான். திரும்பிப் பார்க்காமல் போங்கள், உன் அண்ணன் வாலும்பேக்குத் தெரிந்தால் கூடவே வந்துவிடுவான் என்று பெண்ணின் அப்பா சொல்லி அனுப்புகிறார். பாதி வழியில் கோழிக்குத் தானியம் எடுக்க மறந்துவிட்டோமே என்று திரும்பிப் போகிறார்கள், வாலும்பே பின்னாலேயே வந்துவிடுகிறான். வாலும்பே என்றால் சாவு. அதனால்தான் மனிதன் சாகிறான் என்பது கதை. கஃபீரோவின் பாட்டு அந்தச் சாவைப் பார்த்து 'தொலைந்து போ' என்று புலம்புகிற பாட்டு, பத்து நிமிடத்துக்கும் மேல் போகும். எழவு வீட்டில் கேட்டால் கல்லும் கரையும். கல்யாணத்துக்கு ஒத்திகை பார்க்கும் வீட்டில் இதைப் போட்டிருக்கிறீர்கள். அவருடைய அம்மாவுக்கு முகமே செத்துவிட்டதாம்.

ஏன் போட்டீர்கள் என்று யோசித்தால் காரணம் புரிகிறது. இரண்டிலும் கிடார், இரண்டும் லுகாண்டா, இரண்டும் கேட்பது ஐம்பது வயதுக்காரர்கள். உங்கள் மெஷினுக்கு அவ்வளவுதான் தெரியும்.

எனக்கு வால்தமிலிருந்து போன் வந்தது. "செபோ, பழைய டாக்ஸி பார்க் பக்கம் போய் பாட்டு ஏற்றி அனுப்பு." உகாண்டாக்காரர் ஒருவர் தன் பெண்ணின் சடங்குக்குப் பாட்டு வாங்க ஒரு தமிழனை அனுப்புகிறார், நிலைமையைப் பாருங்கள்.

போனேன். மூன்றடி அகலக் கடை. பாதியை போன் கவர் தொங்கவிட்ட பலகை அடைத்துக்கொண்டிருக்கிறது. மீதியில் ஒரு பழைய கம்ப்யூட்டர், கீபோர்டில் பாதி எழுத்து தேய்ந்து போயிருக்கிறது, மேலே ஒரு ஃபேன், வெளியே தெருவைப் பார்த்து இரண்டு ஸ்பீக்கர். இருபது வயசுப் பையன். பென் டிரைவைக் கொடுத்து குவாஞ்சுலாவுக்கு என்றேன். அவன் பாட்டைத் தேடவில்லை, என்னிடம் கேள்வி கேட்டான். பெண் வீடா, மாப்பிள்ளை வீடா? எத்தனை கூட்டம் வருகிறது? அத்தைக்கு என்ன வயசு? மச்சானுக்குச் சேவல் கொடுக்கும்போது தனிப் பாட்டு வேண்டுமா? (பெண்ணின் சகோதரனுக்கு மாப்பிள்ளை சேவல் கொடுக்க வேண்டும், அது இல்லாமல் காரியம் நகராது.) நான் முழித்தேன், வால்தமுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன், அவர்கள் இரண்டு பேரும் கால் மணி நேரம் பேசிக்கொண்டார்கள்.

அவன் கம்ப்யூட்டரில் இருந்த ஃபோல்டர்களை எட்டிப் பார்த்தேன். குவாஞ்சுலா. செகுகுலு, அதாவது கிறிஸ்துமஸ். எஸ்எட்டா, அதாவது அந்தக் காலத்துப் பாட்டு. எழவு வீட்டுக்கு ஒன்று. இரவு டாக்ஸிக்கு என்று ஒன்று, தூக்கம் வராத பாட்டாம். கடோங்கோ காமு தனியாக, அதற்குள் பாடகர் வாரியாக. உங்கள் 'மூட்', 'வைப்' எல்லாம் இதன் பக்கத்தில் நிற்குமா?

அவன் செய்வது திருட்டு, அது எனக்கும் தெரியும். அவன் ஏற்றும் பாட்டில் ஒரு ஷில்லிங்கூடப் பாடினவருக்குப் போகாது. உகாண்டாவில் 2006-லேயே பதிப்புரிமைச் சட்டம் வந்துவிட்டது, உரிமைத் தொகை வசூலிக்க 1985-லிருந்து ஒரு சங்கமும் இருக்கிறது, ஆனால் தெருவில் அதெல்லாம் செல்லாது. உங்களிடம்தான் காசு பாடகருக்குப் போய்ச் சேர ஒரு வழி இருக்கிறது, அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். வழி உங்களிடம், விவரம் அவனிடம். இதுதான் என் ஆதங்கம்.

கடோங்கோ காமு என்றேன். 'ஒரே ஒரு சின்ன கிடார்' என்று அர்த்தம். ஒரு ஆள், ஒரு கிடார், ஒரு நீளமான கதை. 1950, 60-களில் ஃபிரெட் மசகாசி போன்றவர்கள் தொடங்கி வைத்தது. அவர் பாட்டு ஒன்றுக்கு 'அடனாவா முசோலோ' என்று பெயர், இன்னும் வரி கட்டாதவன் என்று அர்த்தம், கணக்கு எழுதுகிறவனான எனக்கு அந்தத் தலைப்பைக் கேட்டதும் பாடகர் மேல் தனிப் பாசம் வந்துவிட்டது. பிறகு ஹெர்மன் பாசுடே, ஃபிரெட் செபாட்டா, 2007-ல் இறந்துபோன கஃபீரோ. இவர்கள் பாட்டில் ஆட்டத்தைவிடச் சொல்தான் முக்கியம். குடிகாரன் கதை, சக்களத்தி சண்டை, பட்டணம் போய் ஏமாந்தவன் கதை, நடுவில் பழமொழி, கிண்டல். டிரைவர் சத்தத்தைக் கூட்டிவிட்டு எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொல்வதை நானே பார்த்திருக்கிறேன். கதை முடியவில்லை என்று இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் உட்கார்ந்திருந்த அம்மாவையும் பார்த்திருக்கிறேன்.

இதை உங்கள் செயலியில் தேடினால் கஃபீரோ ஒரு ஆளாக இல்லை. எழுத்துக்கு எழுத்து மாற்றி ஆளுக்கொரு பக்கம். லுகாண்டாவில் ஒரு எழுத்தை இரட்டித்து எழுதுவதும் ஒற்றையாக எழுதுவதும் எழுதுகிறவர் கையைப் பொறுத்தது, செபாட்டாவுக்கு முதல் எழுத்து இரண்டு வேண்டுமா ஒன்றா என்பதில் கேசட் அட்டைகளே ஒத்துப்போவதில்லை. நம் 'ழ'வை ஆங்கிலத்தில் எழுத நாம் படுகிற பாடு உங்களுக்குத் தெரியாததா? கேசட்டிலிருந்து யாரோ எடுத்து, யாரோ ஏற்றி, எவர் பெயரிலோ காசு போகிறது. சில பாட்டில் நடுவே டிஜே தன் பெயரைக் கத்துகிறார், இலவசத் தளத்திலிருந்து இறக்கியது அப்படியே உங்கள் செயலியில், நான் கட்டும் மாதக் காசுக்கு. இதைப் பார்க்க உங்களுக்கு ஒரு ஆள் இல்லையா?

பாட்டு எழுதியவர் பெயரும் அப்படித்தான். ரேடியோ அண்ட் வீசல் என்ற ஜோடியில் மோசி ரேடியோ, 2018 பிப்ரவரி 1-ம் தேதி, ஒரு பாரில் நடந்த அடிதடியில் பட்ட காயத்தால் இறந்துபோனார். ஊரே அழுதது. தான் பாடியது போக மற்றவர்களுக்கும் எழுதிக் கொடுத்த மனிதர் அவர். சில்வர் க்யாகுலான்யி என்று ஒரு வக்கீல் இருக்கிறார், ஜூலியானா கன்யோமோசி போன்ற பெரிய பாடகிகளுக்குப் பாட்டு எழுதியவர். கம்பாலாவில் டாக்ஸி டிரைவருக்குக்கூட இது தெரியும். பாட்டு தொடங்கும்போது தயாரிப்பாளர் பெயரைக் கத்துவார்கள், 'வாஷிங்டன்', 'நெசிம்' என்று, அதைக் கேட்டே இது யார் ஸ்டூடியோ என்று சொல்லிவிடுவார்கள். உங்கள் திரையில் 'எழுதியவர்' என்று இருக்கும் இடத்தில் பல பாட்டுக்கு வெறும் கோடு.

இன்னொன்று, மொழி. உகாண்டாவில் 40-க்கும் மேற்பட்ட மொழிகள். உங்கள் பட்டியலில் எல்லாம் ஸ்வாஹிலி. அஃப்ரிகோ பேண்ட் 1975-ல் தொடங்கியது, சாக்ஸஃபோன் வாசிக்கும் மோசஸ் மடோவு அன்றிலிருந்து அதை இழுத்துக்கொண்டு போகிறார். இடி அமீன் ஆட்சியில் தொடங்கி, போரெல்லாம் பார்த்து, இன்றும் கல்யாணத்துக்கு அவர்களைக் கூப்பிட்டால் வீட்டுக்கு ஒரு கௌரவம். அவர்கள் பாட்டில் 'ஒபங்கைனா' என்று ஒன்று, ரேச்சல் மகூலா பாடியது, லுசோகா மொழி. அந்தம்மா 2021-ல் எம்.பி. ஆனவர். அந்தப் பாட்டையும் நீங்கள் ஸ்வாஹிலியில்தான் போட்டு வைத்திருக்கிறீர்கள். வடக்கே குலு பக்கம் போனால் அச்சோலி மொழி. லராகராகா என்று கல்யாண ஆட்டம், அதைக் கம்ப்யூட்டரில் போட்டு வேகம் ஏற்றி ஓதிம் ஆல்ஃபா போன்றவர்கள் ஒரு புது இசையே உண்டாக்கிவிட்டார்கள். கேட்டால் மூச்சு வாங்கும். ஜின்ஜாவில் நைல் நதிக் கரையில் 2015-ல் தொடங்கிய நியேகே நியேகே விழாவால் ஐரோப்பியர்களுக்கு அது தெரிந்தது. உங்கள் பட்டியலில் அது பெர்லின் கிளப் இசையோடு கிடக்கிறது, குலு என்ற ஊர்ப் பெயர் எங்கேயும் இல்லை. ஒரு கல்யாணப் பாட்டு என்று யாராவது சொன்னால்தானே தெரியும்.

அப்புறம் இந்த விபிஎன் சமாசாரம், அதாவது போன் வேறு நாட்டில் இருப்பது போலக் காட்டும் செயலி. இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். 2018 ஜூலையில் இங்கே வாட்ஸப், ஃபேஸ்புக் பயன்படுத்த ஒரு நாளைக்கு 200 ஷில்லிங் வரி போட்டார்கள். அன்றைக்கு விபிஎன் போட ஆரம்பித்தது ஊர். 2021 ஜனவரி தேர்தல் சமயத்தில் இன்டர்நெட்டையே சில நாள் நிறுத்தினார்கள், திரும்பி வந்தபோது ஃபேஸ்புக் வரவில்லை, தேர்தல் முடிந்தும் அந்தத் தடை விலகவில்லை. அதனால் பல பேர் விபிஎன்னை அணைப்பதே இல்லை. என் போனிலும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். விளைவு, கம்பாலாவில் மழைக்கு ஒதுங்கி நின்றுகொண்டு செயலியைத் திறந்தால் 'நெதர்லாந்தில் இன்று பிரபலம்' என்கிறது. எனக்குச் சிரிப்பாக இருக்கிறது, ஆனால் கணக்கு எழுதுகிறவனுக்கு அடுத்த கேள்வி வரும். நான் கேட்ட லுகாண்டாப் பாட்டெல்லாம் எந்த நாட்டுக் கணக்கில் ஏறுகிறது? உகாண்டாவில் கேட்பவர்கள் குறைவு என்று நீங்கள் முடிவு கட்டுவது இந்தக் கணக்கை வைத்துத்தானா? வவுச்சர் வேறு லெட்ஜரில் ஏறினால் என் முதலாளி என்னைச் சும்மா விடமாட்டார்.

பாடகர் போபி வைன் பற்றிச் சொல்லாமல் விட்டால் இங்குள்ளவர்கள் என்னைத் திட்டுவார்கள். நான் பிழைக்க வந்தவன், அரசியல் பேசுவது எனக்கு அழகில்லை. பாட்டைப் பற்றி மட்டும். கம்வோக்யா சேரியிலிருந்து வந்தவர், 2017-ல் எம்.பி., 2021-ல் ஜனாதிபதி தேர்தலில் நின்றார், அவர் கச்சேரிகளைத் தடுத்த கதை உலகத்துக்கே தெரியும். மேடை கிடைக்காத பாட்டுக்குப் போன்தான் மேடை. அது சரி. ஆனால் நீங்கள் அவரைப் 'போராட்டப் பாடல்கள்' பட்டியலில் போட்டு மூடிவிட்டீர்கள். அவர் பல வருடம் ஜாலியாகப் பாடிய பாட்டுகள் இருக்கின்றன, காதல் பாட்டு, குத்துப் பாட்டு. அவர் கட்சியைப் பிடிக்காதவர்கூடக் கல்யாணத்தில் அதற்கு ஆடிவிட்டுத்தான் போகிறார்.

எடி கென்சோவை மட்டும் உங்களுக்குத் தெரிகிறது. 2014-ல் 'சித்யா லாஸ்' வந்தது, கம்பாலாப் பிள்ளைகள் ஆடிய வீடியோ, உலகம் பூராவும் ஓடியது. அடுத்த வருடம் அமெரிக்காவில் பிஇடி விருது, 2022-ல் கிராமி பரிந்துரை. உகாண்டாவிலிருந்து அதுவரை தனிப் பாடகர் யாருக்கும் கிராமி பரிந்துரை கிடைத்ததில்லை என்றார்கள். தலைப்புக்கு 'நட்டத்துக்குப் பயப்பட மாட்டேன்' என்று அர்த்தம், முதல் சொல் லுகாண்டா, இரண்டாவது ஆங்கிலம். நல்ல பாட்டு. ஆனால் எந்த உகாண்டாப் பட்டியலைத் திறந்தாலும் அதுவே முதலில் நிற்பதற்கு இது என்ன கடவுள் வாழ்த்தா? பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அசாவி, ஷீபா, 'நானா' பாடிய ஜோஷுவா பராகா என்று எத்தனையோ பேர் வந்துவிட்டார்கள்.

ஊரை விட்டுப் போனவர்கள் பாட்டைப் பற்றியும் கொஞ்சம். ஜெஃப்ரி ஒரியேமா என்று ஒருவர். அவர் அப்பா மந்திரியாக இருந்தவர், அமீன் ஆட்சியில் 1977-ல் கொல்லப்பட்டார். மகன் ஒரு கார் டிக்கியில் ஒளிந்துகொண்டு எல்லை தாண்டி கென்யா போய், அங்கிருந்து பிரான்ஸ். 1990-ல் வந்த அவருடைய ஆல்பத்தின் பெயரே 'எக்ஸைல்'. 2016-ல், ஏறத்தாழ 40 வருடம் கழித்துத்தான் கம்பாலாவில் வந்து பாடினார், 2018-ல் இறந்துவிட்டார். அவரை 'உலக இசை' என்கிறீர்கள். சரி, எந்த இசைதான் உலகத்துக்கு வெளியே இருக்கிறது?

ஆனால் எனக்கு நெருக்கமானவர் ஃபிலி லுடாயா. ஸ்டாக்ஹோமில் வாழ்ந்தவர். 1989-ல் நாடு திரும்பி, தனக்கு எய்ட்ஸ் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். பேர்பெற்ற உகாண்டாக்காரர் ஒருவர் வெளிப்படையாக அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. நம்பாதவர்கள் இருந்தார்கள், காசுக்காகச் சொல்கிறார் என்றவர்களும் இருந்தார்கள். பள்ளிக்கூடம், சர்ச் என்று உடம்பு ஒத்துழைத்தவரை போய்ப் பேசினார், பாடினார். அந்த டிசம்பரிலேயே இறந்துபோனார். ஆனால் டிசம்பர் வந்தால் இங்கே அவர் உயிரோடுதான் இருக்கிறார். ஸ்வீடனில் இருந்தபோது லுகாண்டாவில் கிறிஸ்துமஸ் பாட்டு ஒரு ஆல்பமே போட்டார், 'துமுசின்ஸே', 'சூகுகா' எல்லாம் அதில்தான். நவம்பர் கடைசியில் டாக்ஸி பார்க்கில் அந்தக் குரல் கேட்டால், ஆகா, ஊருக்குப் போகக் காசு சேர்க்கணும் என்று ஆளாளுக்குப் பரபரப்பார்கள். அப்போது உங்கள் செயலி என்ன தருகிறது? பனி பொழிகிறது, மணி ஒலிக்கிறது, குதிரை வண்டி போகிறது என்று ஆங்கிலப் பாட்டு. பூமத்திய ரேகை இங்கிருந்து மசாகா ரோட்டில் இரண்டு மணி நேரம். உண்மையான பனியில் உட்கார்ந்து ஒருவர் இந்த ஊருக்கென்று பாட்டுப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், அதை விட்டுவிட்டு வியர்த்து வழிகிற ஊருக்குப் பனிப் பாட்டை அனுப்புகிறீர்கள்.

நான் கேட்பது பெரிய விஷயம் எதுவும் இல்லை. கம்பாலாவில் ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வையுங்கள், குலுவில் ஒரு ஆள், எம்பராராவில் ஒரு ஆள். பட்டம் எல்லாம் வேண்டாம். எது கல்யாணப் பாட்டு, எது எழவுப் பாட்டு, எது யார் எழுதியது, எந்த மூன்று பெயரும் ஒரே மனிதர் என்று தெரிந்தால் போதும். அந்தக் கடைப் பையனையே எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன், சட்டப்படி அவன் உங்களுக்கு எதிரி என்று நீங்கள் சொல்வீர்கள், ஆனால் மாதச் சம்பளம் வந்தால் அவனே அந்தக் கடையை மூடிவிடுவான், அவன் வாயாலேயே சொன்னான்.

அவன் என்னிடம் வாங்கியது 5,000 ஷில்லிங். 64 பாட்டு, ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனி ஃபோல்டர், வரிசை எண் போட்டு. கடைசி ஃபோல்டருக்கு 'யாரும் கிளம்ப மனசில்லாதபோது' என்று லுகாண்டாவில் பெயர் வைத்திருந்தான்.

சடங்கு நல்லபடி முடிந்தது. வீடியோ அனுப்பியிருந்தார்கள். பளபளக்கும் கோமெசியை, அதாவது இங்கத்துப் பெண்கள் விசேஷத்துக்குப் போடும் நீள உடையை, கையில் பிடித்துக்கொண்டு, வெளியே குளிராக இருந்தும், அத்தை ஆடிய ஆட்டத்தில் செருப்பு அறுந்து ஓரமாகக் கிடக்கிறது. கூடவே ஒரு செய்தி: வந்தவர்கள் எல்லாம் இந்தப் பாட்டு வரிசை எந்தச் செயலியில் இருக்கிறது, லிங்க் அனுப்பு என்று கேட்கிறார்களாம், நான் என்ன சொல்ல என்று. மூன்று வாரம் ஆகிறது, நான் இன்னும் அவருக்குப் பதில் போடவில்லை.

இப்படிக்கு,
மாதா மாதம் காசு கட்டுகிற ஒருவன்,
கம்பாலா